கூரை எந்தப் பக்கம் சாய்கிறது?

லண்டனை விட்டு வெளியேறும் எந்த ரயிலில் உட்கார்ந்தாலும் முதலில் கண்ணில் படுவது வீடுகளின் முதுகுதான். தெருவைப் பார்த்த முகப்புகள் வரிசையாக ஒன்றுபோல் இருக்கும். தோட்டத்தைப் பார்த்த பின்புறத்தில்தான் அவரவர் விருப்பம் தெரியும். அங்கே பின்சுவரோடு ஒட்டி, மூன்று பக்கமும் கண்ணாடி, கூரையும் கண்ணாடி என்று ஓர் அறை நிற்பதை அடிக்கடி பார்க்கலாம். கன்சர்வேட்டரி என்பார்கள். வெள்ளை யுபிவிசி சட்டங்கள், உள்ளே பிரம்பு நாற்காலிகள், ஓரத்தில் நாலைந்து தொட்டிச் செடிகள். வீட்டுக்குள் உட்கார்ந்தபடி வெயிலையும் தோட்டத்தையும் அனுபவிக்க வேண்டும் என்ற நியாயமான ஆசைதான் இந்த அறையைக் கட்ட வைக்கிறது. மேகமும் மழையும் மிகுந்த நாட்டில் அந்த ஆசையின் வலு நமக்குப் புரியும்.

ஆனால் இப்படிக் கட்டிய அறைகளில் பலவும் ஆண்டில் பாதி நாள் ஆளில்லாமல் கிடக்கின்றன. ஜூலையில் உட்கார முடியாத வெக்கை. ஜனவரியில் கால் வைக்க முடியாத குளிர். பெருஞ்செலவு செய்து கட்டிய இடம், கடைசியில் சைக்கிளும் பழைய பெட்டிகளும் வைக்கும் மூலையாகிவிடுகிறது. இது தவிர்க்கக்கூடிய வருத்தம். தவிர்ப்பதற்கான அறிவியல் ஒன்றும் புதிதில்லை. இருநூறு ஆண்டுகளாகக் கையில் இருப்பதுதான்.

கன்சர்வேட்டரி வாங்கப் போகிறவர் முதலில் சந்திப்பது பெயர்களின் பட்டியலை. விக்டோரியன் என்றால் முன்பக்கம் பல முகங்களாக வளைந்து, செங்குத்தான கூரையும் முகட்டில் பூவேலைப்பாடும் கொண்டது. எட்வர்டியன், ஜார்ஜியன் என்பவை சதுரமாகவோ செவ்வகமாகவோ இருக்கும். லீன்-டு, வீட்டுச் சுவரில் சாய்த்துவைத்த ஒற்றைச் சரிவு. கேபிள் பாணியில் முகடு வீட்டிலிருந்து தோட்டத்தை நோக்கி நீளும். முன்சுவர் முக்கோணமாக முகடு வரை எழும். ஆரஞ்சரி என்பது செங்கல் தூண்களும் அகன்ற ஜன்னல்களும் உள்ள அறை. கூரையின் ஓரங்கள் கட்டிடமாகவே இருக்க, நடுவில் மட்டும் கண்ணாடிக் கூம்பு எழும்.

விக்டோரியா காலத்து வீட்டுக்கு விக்டோரியன், எட்வர்டு காலத்து வீட்டுக்கு எட்வர்டியன் என்று பெயருக்குப் பெயர் பொருத்திவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இந்தப் பெயர்களைக் காலங்களாகப் படிக்காமல் கூரைகளாகப் படிக்க வேண்டும் என்பது என் கட்சி. கூரையில் எவ்வளவு கண்ணாடி, அது எந்தத் திசைக்கு, எவ்வளவு வாட்டத்தில் சாய்கிறது என்ற கேள்விகளுக்கு ஒவ்வொரு பாணியும் ஒவ்வொரு பதில் வைத்திருக்கிறது. அறையில் வாழ முடியுமா என்பதைத் தீர்மானிப்பது அந்தப் பதில்தான்.

லண்டன் வடக்கே 51.5 பாகை அட்சரேகையில் இருக்கிறது. டிசம்பர் 21 நண்பகலில் அங்கே சூரியன் தெற்கு அடிவானத்திலிருந்து 15 பாகை உயரத்துக்குத்தான் ஏறும். மார்ச், செப்டம்பர் சமநாட்களில் 38.5 பாகை. ஜூன் 21இல் 62 பாகை. இந்த மூன்று எண்களை வைத்துக்கொண்டே கண்ணாடி அறையின் தலையெழுத்தில் பெரும்பகுதியைச் சொல்லிவிடலாம்.

கண்ணாடியின் மேல் ஒளி நேராக விழுந்தால் ஒவ்வொரு பரப்பிலும் ஏறத்தாழ 4 விழுக்காடுதான் திரும்பிப் போகும். பெரும்பகுதி உள்ளே நுழைந்துவிடும். கண்ணாடிக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து ஒளி விலகும் கோணமான படுகோணம் 60 பாகையைத் தாண்டினால் திரும்பிப் போகும் பங்கு வேகமாகக் கூடும். சாய்வாக விழும்போது அதே வெயில் அதிகப் பரப்பில் பரவுவதால் ஒரு சதுர மீட்டருக்குக் கிடைக்கும் பங்கும் குறையும். இப்போது தெற்கு பார்த்த செங்குத்தான கண்ணாடிச் சுவரை எடுத்துக்கொள்வோம். டிசம்பர் நண்பகல் வெயில் அதில் 15 பாகைப் படுகோணத்தில், ஏறக்குறைய நேராக வந்து இறங்குகிறது. ஜூன் நண்பகலில் அது 62 பாகை. பாதி வெயில்கூட அந்தச் சுவருக்குக் கிடைப்பதில்லை. அதாவது தெற்குச் சுவர் குளிர்காலத்தில் வாரி வழங்கி, கோடையில் தானே அடக்கிக்கொள்கிறது.

கூரையில் கணக்கு தலைகீழ். தெற்கு நோக்கி 25 பாகை சாய்ந்த கண்ணாடிக் கூரையில் ஜூன் நண்பகல் வெயில் 3 பாகைப் படுகோணத்தில் விழும். இதைவிட நேராக விழ முடியாது. டிசம்பரில் அதே கூரைக்குப் படுகோணம் 50 பாகை. வெயில் வேண்டிய மாதத்தில் அரைகுறையாகவும், வேண்டாத மாதத்தில் முழுமையாகவும் வாங்கும் பரப்பு அது. நான்கு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் சரிவு என்றால் கூரை 12 சதுர மீட்டர். தெளிந்த கோடை நண்பகலில் நேரடி வெயில் சதுர மீட்டருக்குச் சுமார் 850 வாட். சாதாரண இரட்டைக் கண்ணாடி அதில் எழுபது விழுக்காட்டை உள்ளே விட்டால் 7 கிலோவாட். ஒரு கிலோவாட் ஹீட்டர்கள் ஏழை ஒரே அறையில் ஓடவிட்டதற்குச் சமம் அது. தெற்கு பார்த்த லீன்-டு பற்றிய புகார்கள் எல்லாம் இந்த ஒரு பெருக்கலில் அடங்கிவிடுகின்றன.

மேற்கு பார்த்த வீட்டின் கதை வேறு. ஜூன் 21இல் லண்டன் கடிகாரம் மாலை 6 மணி காட்டும்போது சூரியன் ஏறத்தாழ நேர் மேற்கில், 27 பாகை உயரத்தில் நிற்கிறது. அங்கே மறைவதற்கு இன்னும் மூன்று மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்து உட்காரும் நேரத்தில் சுவர்க் கண்ணாடி வழியாகவே வெயில் நேராக நுழையும். கூரையை மட்டும் திருத்தினால் இங்கே போதாது. கண்ணாடிக்கு வெளியே நிழல் வேண்டும். கிழக்கு பார்த்தவர்கள் பாக்கியவான்கள் என்பேன். காலை வெயில் இரவுக் குளிரை விரட்டிவிட்டு, பகல் சூடேறும் முன்பே நகர்ந்துவிடும்.

வடக்கு பார்த்த தோட்டம் என்றால் கன்சர்வேட்டரியே வேண்டாம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. வடக்கு நோக்கி 25 பாகை சாய்ந்த கூரையில் ஜூன் நண்பகல் வெயில் 53 பாகைப் படுகோணத்தில் விழுவதால் சூடு கட்டுக்குள் இருக்கும். குளிர்காலத்தில் நேரடி வெயில் வராது என்பது உண்மைதான். ஆனால் வாசிப்பதற்கும் வரைவதற்கும் அந்தச் சீரான வெளிச்சத்துக்கு ஈடு கிடையாது.

கூரைச் சரிவைப் பற்றிய இந்தக் கணக்குகளைத் தோட்டக்காரர்கள்தான் முதலில் போட்டார்கள். 1815இல் ஜார்ஜ் மெக்கென்சி என்ற ஸ்காட்லாந்துக்காரர், சூரியன் எங்கிருந்தாலும் ஏதோ ஒரு பகுதியில் வெயில் நேராக விழும்படி செடிவீட்டுக் கூரை அரைக்கோளமாக இருக்க வேண்டும் என்று லண்டன் தோட்டக்கலைச் சங்கத்துக்கு எழுதினார். அந்த யோசனையில் ஈர்க்கப்பட்ட ஜான் கிளாடியஸ் லவுடன், அடுத்த ஆண்டே வளைக்கக்கூடிய மெல்லிய தேனிரும்புச் சட்டத்தை உருவாக்கினார். வளைந்த கண்ணாடிக் கூரைகள் அதற்குப் பிறகுதான் சாத்தியமாயின. லவுடன் இன்னொரு வழியும் சொன்னார். கூரையை மேடும் பள்ளமுமான மடிப்புகளாக அமைத்து, மடிப்பு முகடுகளை வடக்கு தெற்காக ஓடவிட்டால் சரிவுகள் கிழக்கையும் மேற்கையும் பார்க்கும். காலையிலும் மாலையிலும் தாழ்ந்த வெயில் நேராக விழும். நண்பகலின் கடும் வெயில் சாய்வாக விழும். ஜோசப் பாக்ஸ்டன் டெர்பிஷயரின் சாட்ஸ்வொர்த் மாளிகைத் தோட்டத்தில் இந்த மடிப்புக் கூரையைச் செய்து தேர்ந்தார். 1851இல் லண்டன் ஹைட் பார்க்கில் ஏறத்தாழ 3 லட்சம் கண்ணாடிப் பலகைகளோடு எழுந்த கிரிஸ்டல் பேலஸின் கூரையும் அதே மடிப்புத்தான்.

இதை இன்றைய வீட்டுக்குப் பொருத்திப் பார்த்தால் ஒரு பயன் கிடைக்கிறது. தெற்கு பார்த்த பின்சுவரில் கேபிள் பாணி கன்சர்வேட்டரி வைத்தால் அதன் முகடு வடக்கு தெற்காகத்தான் நீளும். இரு சரிவுகளும் கிழக்கையும் மேற்கையும் பார்க்கும். லவுடன் சொன்ன மடிப்பில் ஒன்றை மட்டும் வெட்டி எடுத்து வைத்தது போல. ஒரே தரைப்பரப்புள்ள தெற்குச் சரிவு லீன்-டுவோடு ஒப்பிட்டால் ஜூன் நண்பகலில் அந்தக் கூரை வாங்கும் வெயில் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. முன்பக்கம் உயர்ந்து நிற்கும் முக்கோணக் கண்ணாடியோ டிசம்பரின் தாழ்ந்த வெயிலை உள்ளே ஆழமாக அழைத்துவரும். கேபிள் பாணி அழகுக்காகவே பெரும்பாலும் வாங்கப்படுகிறது. தெற்கு பார்த்த வீட்டுக்கு அது அறிவோடு எடுத்த முடிவும்கூட.

கூரையில் கண்ணாடி எவ்வளவு என்ற கேள்விக்கும் வரலாற்றில் விலை கொடுத்துக் கற்ற பாடங்கள் உண்டு. 1704இல் அரசி ஆன் கென்சிங்டன் அரண்மனையில் ஓர் ஆரஞ்சரி கட்டச் செய்தார். ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களைத் தொட்டியோடு குளிர்காலத்தில் உள்ளே கொண்டுவந்து காப்பதற்கான நீண்ட செங்கல் கட்டிடம் அது. தெற்கே உயரமான ஜன்னல்கள், மேலே முழுக்க மூடிய கூரை. அந்தக் காலத்தில் கண்ணாடி விலை உயர்ந்த பொருள். 1746இல் அதன்மேல் எடைக்கு ஏற்ப வரியும் வந்து சேர்ந்தது, 1845இல்தான் நீங்கியது. 1761இல் கட்டிடக் கலைஞர் வில்லியம் சேம்பர்ஸ் லண்டனின் கியூ தாவரத் தோட்டத்தில் கட்டிய ஆரஞ்சரியில், கூரை மூடியிருந்ததால் ஆரஞ்சு மரங்களுக்கு வெளிச்சமே போதவில்லை. செடிக்காகக் கட்டிய கட்டிடத்தில் செடி வளரவில்லை. இன்று அது உணவகம்.

அடுத்த நூற்றாண்டு எதிர்த் திசையில் ஓடியது. சாட்ஸ்வொர்த்தில் பாக்ஸ்டன் 1836இல் தொடங்கிக் கட்டிய மாபெரும் கன்சர்வேட்டரி 84 மீட்டர் நீளமும் 37 மீட்டர் அகலமும் கொண்டது; 1843இல் விக்டோரியா அரசி குதிரை வண்டியிலேயே உள்ளே வலம் வந்தார். அந்தக் கண்ணாடி மலைக்குள் வெப்பமண்டலக் காடு உயிரோடு இருந்ததற்குக் காரணம் நிலத்தடியில் எட்டுக் கொதிகலன்கள் தின்ற நிலக்கரி. முதல் உலகப் போரில் நிலக்கரிக்குத் தட்டுப்பாடு வந்தது. கொதிகலன்கள் அணைந்தன, செடிகள் குளிரில் மடிந்தன, 1920இல் கட்டிடத்தையே தகர்த்துவிட்டார்கள். முழுக் கண்ணாடிக் கூரை கேட்கும் விலை என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது.

கோடைச் சூட்டுக்கு வருவோம். கண்ணாடி அறை ஏன் சூடாகிறது என்று கேட்டால், வெயில் உள்ளே வருகிறது, உள்ளே எழும் அகச்சிவப்புக் கதிர்களைக் கண்ணாடி வெளியே விடுவதில்லை என்பதுதான் பள்ளியில் படித்த பதில். அமெரிக்க இயற்பியலாளர் ஆர். டபிள்யூ. வுட் 1909இல் இதைச் சோதித்தார். இரண்டு பெட்டிகள். ஒன்றின் மூடி கண்ணாடி. மற்றதன் மூடி அகச்சிவப்புக் கதிர்களைத் தாராளமாக வெளியே விடும் கல்லுப்புப் பலகை. இரண்டையும் வெயிலில் வைத்தார். வெயிலை முதலில் ஒரு கண்ணாடி வழியாகச் செலுத்தி இரண்டுக்கும் ஒரே வகை ஒளி கிடைக்கச் செய்தபோது, இரு பெட்டிகளின் வெப்பநிலையும் ஒரு டிகிரி அளவுக்குக்கூட வேறுபடவில்லை. பெட்டியைச் சூடாக்கியதில் பெரும்பங்கு, சூடான காற்று மேலெழுந்து வெளியேற முடியாமல் அடைபட்டதற்குத்தான்.

இந்தச் சின்னச் சோதனையில் வீட்டுக்காரருக்கு ஒரு பெரிய செய்தி இருக்கிறது. அடைபட்ட காற்றுதான் முதல் குற்றவாளி என்றால், அதை வெளியேற்றுவதுதான் முதல் மருந்து. பக்க ஜன்னல்களைத் திறந்தால் மட்டும் போதாது. சூடான காற்று முகட்டில் போய்த் தேங்குகிறது. அதற்கு முகட்டிலேயே திறப்பு வேண்டும். குளிர்ந்த காற்று நுழையத் தரையோரம் இன்னொரு திறப்பு வேண்டும். இரண்டுக்கும் இடையிலான உயரம் கூடக் கூடக் காற்றோட்டம் வலுக்கும். செங்குத்தான விக்டோரியன் கூரைக்கு இந்த விஷயத்தில் இயல்பான நன்மை உண்டு. உயரமான முகட்டில் திறக்கும் ஜன்னல் வைத்தால் சூடு அங்கே ஏறி வெளியேறிவிடும். வைக்காவிட்டால் அந்த உயரம் வீண். தாழ்ந்த லீன்-டுவில் சூடான காற்று உட்கார்ந்திருப்பவரின் தலைக்கு மேலேயே நிற்கும்.

நிழல் எங்கே வேண்டும் என்பதற்கும் பழைய ஆட்களிடம் பதில் இருக்கிறது. கிரிஸ்டல் பேலஸின் கூரைக்கு மேல், கண்ணாடிக்கு வெளிப்பக்கமாகத் துணி விரித்தார்கள். சுவர்களின் அடியிலும் மேலேயும் திறந்து மூடும் காற்றுப் பலகைகள் வைத்தார்கள். கியூ தோட்டத்தில் 1848இல் முடிந்த பனைவீட்டுக்கு, செடிகள் கருகாமல் இருக்கப் பச்சைச் சாயல் கலந்த கண்ணாடி போட்டார்கள். வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே தடுத்தால் சூடு வெளியே தங்கும். உள்ளே திரை கட்டினால் கதிர் ஏற்கெனவே நுழைந்து திரையைச் சூடாக்கிவிட்டிருக்கும். அந்தச் சூட்டின் பெரும்பகுதி அறைக்குத்தான் வரும். கன்சர்வேட்டரிக்குள் அழகான கூரைத் திரைகளுக்குப் பணம் கட்டுமுன் இதை யோசிக்க வேண்டும். இன்று கிடைக்கும் வெயில் தடுப்புக் கண்ணாடி, வரும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே உள்ளே விடும். கூரைக்கு மட்டும் அதைப் போட்டாலே நாம் முன்பு பார்த்த 7 கிலோவாட், 3 கிலோவாட்டாக இறங்கிவிடும். சுவருக்கு அது வேண்டாம். குளிர்கால வெயிலையும் அது தடுத்துவிடும்.

குளிர்காலத்தின் கணக்கை யு மதிப்பு சொல்லும். உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வேறுபாடு இருக்கும்போது ஒரு சதுர மீட்டர் வழியாக எத்தனை வாட் வெப்பம் கசிகிறது என்பதே அந்த எண். ஒற்றைக் கண்ணாடிக்குச் சுமார் 5.7. பழைய இரட்டைக் கண்ணாடிக்கு 2.8. இரு கண்ணாடிகளுக்கு நடுவே ஆர்கான் வாயு நிரப்பி, ஒரு பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வெள்ளிப் படலம் பூசிய இன்றைய கண்ணாடிக்கு ஏறத்தாழ 1.2. வெறும் கண்ணாடி அகச்சிவப்புக் கதிர்களை எளிதில் உமிழும். வெள்ளிப் படலம் அந்த உமிழ்வைப் பெரும்பாலும் அடக்கிவிடுகிறது. வெப்பக் காப்பிட்ட சுவரும் கூரையும் என்றால் 0.2 அளவுக்கு இறங்கலாம்.

நம் அறையின் சுவரும் கூரையும் சேர்ந்து 33 சதுர மீட்டர் என்று வைப்போம். வெளியே 0 டிகிரி, உள்ளே 20 டிகிரி. பழைய இரட்டைக் கண்ணாடி அறை நொடிக்கு நொடி 1,850 வாட் வீதம் இழந்துகொண்டே இருக்கும். புதுக் கண்ணாடியில் 800 வாட்டுக்குச் சற்றுக் குறைவு. காப்பிட்ட கட்டிடத்தில் 130 வாட். இடுக்குகளில் கசியும் காற்றும் தரை வழியே போவதும் இதில் சேரவில்லை. இரவில் கூரையின் நிலை இன்னும் மோசம். மேகமில்லாத வானத்தின் கதிர்வீச்சு வெப்பநிலை காற்றைவிடப் பத்துப் பதினைந்து டிகிரி குறைவாக இருக்கும். சுவர் பாதி வானத்தையும் பாதி நிலத்தையும் பார்க்கிறது. கூரையோ முழுக்க அந்தக் குளிர்ந்த வானத்தைப் பார்த்துக் கிடக்கிறது.

கண்ணாடியில் நீர் கோப்பதையும் இதே எண்கள் விளக்கும். அறை 20 டிகிரியில், ஈரப்பதம் 60 விழுக்காடு என்றால், காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் பனிநிலை 12 டிகிரி. வெளியே உறைகுளிர் இருக்கும்போது ஒற்றைக் கண்ணாடியின் உள்பரப்பு 5 டிகிரி அளவில் இருக்கும், தண்ணீர் வழியும். புதுக் கண்ணாடியின் உள்பரப்பு 17 டிகிரி, காய்ந்தே இருக்கும். அங்கே துணி உலர்த்தும் வழக்கமுள்ள வீடுகளில் இந்த வேறுபாடு சுவரில் பூஞ்சையாகத் தெரியும்.

எதற்காக இந்த அறை என்ற கேள்வியை இங்கேதான் கேட்க வேண்டும். ஹாரோ, ஈஸ்ட் ஹாம், டூட்டிங் பக்கத்துத் தமிழ் வீடுகளில் கறிவேப்பிலைச் செடி அக்டோபரில் தொட்டியோடு கன்சர்வேட்டரிக்குள் வந்துவிடும். உறைபனி பட்டால் அது பிழைக்காது. எலுமிச்சையும் மல்லிகையும் கூடவே வரும். கென்சிங்டன் ஆரஞ்சரி எதற்காக எழுந்ததோ அதே வேலை. எலுமிச்சையைக் காக்க 5 டிகிரி போதும். கறிவேப்பிலை இலை உதிர்க்காமல் இருக்க இன்னும் கொஞ்சம் கூடுதல் சூடு வேண்டும். வெளியே 0 டிகிரி இருக்கும்போது அறையை 5 டிகிரியில் வைக்க ஆகும் செலவு, 20 டிகிரியில் வைக்க ஆவதில் கால் பங்கு. செடிகளுக்கும் காலைத் தேநீருக்கும் மட்டும் என்றால் எளிய கண்ணாடி அறையே தாராளம். குழந்தைகள் படிக்கவும் குடும்பம் சாப்பிடவும் ஆண்டு முழுதும் வேண்டும் என்றால், அது கன்சர்வேட்டரி என்ற பெயரில் கேட்கப்படும் ஒரு கூடம். அதற்கு ஆரஞ்சரிதான் சரியான வடிவம்.

எல்லாக் கூரையையும் மூடிவிடலாமே என்று தோன்றும். கியூ ஆரஞ்சரியின் பாடம் அங்கே குறுக்கே நிற்கிறது. வானம் முழுதும் மேகம் மூடிய நாளில் உச்சி வானம் அடிவானத்தைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு வெளிச்சமாக இருக்கும். பிரிட்டனின் குளிர்காலத்தில் பல நாட்கள் அப்படிப்பட்டவைதான். கூரையை மூடினால் இழப்பது அந்த உச்சி வெளிச்சத்தை. புது அறை ஓரளவு தாங்கிக்கொள்ளும். அதன் பின்னால் மாட்டிக்கொண்ட பழைய கூடம் பகலிலேயே விளக்குப் போடும் இருட்டறையாகிவிடும். இந்தப் பழைய அறையைப் பற்றி யாரும் கேட்பதில்லை என்பது எனக்கு உண்மையான கவலை. வீட்டில் அதிக நேரம் புழங்கும் அறை பெரும்பாலும் அதுதான். ஆரஞ்சரியின் நடுக் கண்ணாடிக் கூம்பை வீட்டுச் சுவருக்குக் கூடுமானவரை நெருக்கமாக வைத்தால் வெளிச்சம் அந்தக் கூடத்துக்குள்ளும் இறங்கும்.

வீட்டின் உடலமைப்பு வைக்கும் நிபந்தனைகளையும் பார்த்துவிடலாம். பங்களா வகை ஒற்றைத்தள வீடுகளில் இறவாணம் தாழ்ந்திருக்கும். செங்குத்துக் கூரை அதற்கு மேலே முட்டிக்கொண்டு நிற்கும். லீன்-டு அங்கே பாந்தமாக அடங்கும். 1930களின் இரட்டை வீடுகளில் மேல்மாடி ஜன்னலின் அடிச்சட்டம்தான் எல்லை. கூரை அதற்குக் கீழே முடிய வேண்டும். விக்டோரியா காலத்து வரிசை வீடுகளில் சமையலறைக்குப் பக்கவாட்டில் ஒடுங்கிய சந்து ஒன்று கிடக்கும். வீடு விக்டோரியன்தான், ஆனால் அந்தச் சந்தில் விக்டோரியன் பாணி நுழையாது. ஒற்றைச் சரிவுக் கண்ணாடிக் கூரைதான் பொருந்தும். பல முகங்களாக வளையும் விக்டோரியன் முன்பக்கத்துக்குள் சாப்பாட்டு மேசையும் சோபாவும் சரியாக உட்காராது என்பதும் வாங்கிய பிறகே தெரியவரும். சீரான ஜன்னல் வரிசையுள்ள ஜார்ஜியன் வீட்டுக்குச் செவ்வக அறை கண்ணுக்கும் நல்லது, கணக்குக்கும் நல்லது. செங்கல் நிறமும் ஜன்னல் சட்டங்களின் அகலமும் வீட்டோடு ஒத்துப்போனால், பாணி வேறாக இருந்தாலும் அறை ஒட்டுப்போட்டது போலத் தெரியாது.

சட்டமும் ஒரு வடிவமைப்பாளர்தான். இங்கிலாந்தில் தனி வீட்டுக்குப் பின்னால் 4 மீட்டர், சுவர் பகிர்ந்த வீட்டுக்குப் பின்னால் 3 மீட்டர் நீளும் ஒற்றைத்தள அறையை, 4 மீட்டர் உயரத்துக்குள், மற்ற நிபந்தனைகளுக்கு உட்பட்டு, திட்ட அனுமதி இல்லாமலே கட்டலாம். பாதுகாக்கப்பட்ட பழங்கட்டிடங்களுக்குத் தனி ஒப்புதல் வேண்டும். தரைத்தளத்தில் 30 சதுர மீட்டருக்குள் அமையும் கன்சர்வேட்டரிக்குக் கட்டிட விதிகளிலிருந்தும் பெரும்பாலும் விலக்கு உண்டு. அதற்கு வீட்டுக்கும் அந்த அறைக்கும் நடுவே வெளிச்சுவர் தரத்துக் கதவோ ஜன்னலோ இருக்க வேண்டும். வீட்டின் வெப்பமூட்டும் குழாய்களை அங்கே நீட்டக் கூடாது. விசாலமாக இருக்கட்டும் என்று நடுக்கதவைக் கழற்றிவிடுகிறவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். கதவு போன நாளிலிருந்து அந்த 1,850 வாட் இழப்பு முழு வீட்டின் இழப்பாகிவிடுகிறது, விலக்கும் போய்விடுகிறது.

அடித்தளமும் முக்கியம். லண்டனின் கீழே கிடப்பது களிமண். கோடையில் வற்றிச் சுருங்கும், மழைக்காலத்தில் உப்பும். பக்கத்தில் பெரிய மரம் இருந்தால் சுருக்கம் இன்னும் ஆழமாகும். வீட்டின் அடித்தளம் ஓர் ஆழத்திலும், கண்ணாடி அறையின் அடித்தளம் மேலோட்டமாகவும் இருந்தால் இரண்டும் வெவ்வேறு அளவில் அசையும். இணையும் கோட்டில் விரிசல் விழும். கண்ணாடி வளையாது, அசைவை மன்னிக்காது. அடித்தளத்தின் ஆழம் என்ன என்று பாணியைத் தேர்ந்தெடுக்கும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

ஏற்கெனவே கட்டி முடித்துச் சூட்டிலும் குளிரிலும் தவிப்பவர்கள் இப்போது பழைய பாலிகார்பனேட் கூரையை எடுத்துவிட்டுக் காப்பிட்ட ஓட்டுக் கூரை போடுகிறார்கள். நல்ல முடிவுதான், ஆனால் லேசான பலகையைத் தாங்கவென்று செய்த சட்டங்களின் மேல் ஓடுகளின் பாரம் ஏறுகிறது. சட்டங்களும் அடித்தளமும் தாங்குமா என்று பார்த்து, கட்டிடக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் ஒப்புதல் பெற்ற பிறகே அதைச் செய்ய வேண்டும். பழைய கூடம் இருளாமல் இருக்க, புதுக் கூரையில் வீட்டுச் சுவரை ஒட்டி இரண்டு கண்ணாடி ஜன்னல்களாவது கேட்டு வாங்குங்கள். அவற்றில் ஒன்று திறக்கக்கூடியதாக இருக்கட்டும்.